முயல்காது கேமரா

வாணியின் அம்மா ரமணி பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தையல் கடை வைத்திருந்தார். கடை ரொம்பச் சின்னது. இரண்டு தையல் இயந்திரம், துணி வெட்ட ஒரு நீண்ட மேசை, ஆள் உயரக் கண்ணாடி, திரை போட்ட ஒரு மூலை. தைத்த ரவிக்கையைப் பெண்கள் அந்த மூலையில் நின்று போட்டுப் பார்ப்பார்கள்.

இரண்டாவது இயந்திரத்தில் கிருஷ்ணம்மாள் உட்கார்ந்து தைப்பார். தினமும் ரவாங்கிலிருந்து ரயிலேறி வருவார். அம்மா அவரை அக்கா என்று கூப்பிடுவதால் வாணிக்கு அவர் பெரியம்மா.

வாணி ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். வீட்டுப்பாடம் செய்வது, கீழே விழுந்த ஊசிகளைக் காந்தத்தால் பொறுக்குவது, வருகிறவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போடுவது எல்லாம் அவள் வேலை.

போன மாதம் ஒருவன் விலாசம் கேட்பது போல வாசலில் வந்து நின்றான். அம்மா பதில் சொல்லி முடிப்பதற்குள், நாற்காலியில் இருந்த வாடிக்கையாளரின் கைப்பையோடு நழுவிவிட்டான். அன்றிலிருந்து அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாசலைப் பார்க்க ஒரு கேமரா வாங்கணும்."

ஒரு சனிக்கிழமை காலை அம்மாவும் வாணியும் அடுத்த தெருவில் இருந்த மின்சாமான் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பெயர் விஜயன். உள்ளே நுழைந்ததுமே அம்மாவின் கைப்பேசி அடித்தது. யாரோ ஒரு வாடிக்கையாளர், ரவிக்கைக் கை இறுக்கமாக இருக்கிறது என்று ஆரம்பித்தார். "வாணி, நீ பார்த்துக்கிட்டிரு" என்று சொல்லிவிட்டு அம்மா வெளியே போனார்.

"முதல்ல எதைப் பார்க்கணும்னு சொல்லு. அப்புறம் எந்தக் கேமரான்னு நான் சொல்றேன்" என்றார் விஜயன்.

"கடையைப் பார்க்கணும் அங்கிள்."

"கடையில எதை? வாசலையா, மேசையையா?"

"எல்லாத்தையும்."

விஜயன் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு ஒரு கறுப்புக் கேமராவை எடுத்து வைத்தார். கவிழ்த்து வைத்த கிண்ணம் போல இருந்தது.

"இது அகலமாப் பார்க்கும். நிறுத்தாமப் பதிவு பண்ணும். உள்ள ஒரு கார்டு இருக்கு. ரெண்டு வாரத்துக்கு எல்லாம் அதுல இருக்கும்."

வாணியின் கண் அதில் நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைக் கேமரா இருந்தது. உருண்டை முகம். மேலே முயலுக்கு இருப்பது போல இரண்டு நீளக் காது.

"அது என்ன அங்கிள்?"

"அதுவா? யாராவது அசைஞ்சாத்தான் அது முழிச்சுக்கும். பத்து விநாடி படம் எடுத்து ஃபோனுக்கு அனுப்பும். மறுபடி தூங்கிடும். ஏழு நாள் ஆனா பழைய படம் தானா அழிஞ்சிடும். வீட்டுல பூனை என்ன செய்யுதுன்னு பார்க்க வாங்கிட்டுப் போவாங்க. கடைக்குன்னா..."

"இதுவே போதும் அங்கிள்."

அம்மா அவசரமாகத் திரும்பி வந்தார். "பார்த்தாச்சா? சரி, வாங்கிட்டு வா. அங்க ஆள் காத்துக்கிட்டிருக்காங்க."

முயல்காது கேமராவை எங்கே வைப்பது என்று முடிவு செய்ததும் வாணிதான். வாசல் பக்கம் வைத்தால் தெருவில் போகிறவர்களின் முதுகு மட்டும் தெரிந்தது. அதில் ஒரு சுவாரசியமும் இல்லை. கண்ணாடியின் மேல் விளிம்பில் வைத்துப் பார்த்தாள். மேசையும் இரண்டு இயந்திரங்களும் அழகாகத் தெரிந்தன. வாசல் ஒரு ஓரமாக, கதவின் கைப்பிடி வரை தெரிந்தது. மேசையில் குவிந்திருந்த துணிப் பொட்டலங்கள் கொஞ்சம் மறைத்தன. அவற்றைத் தூக்கி அப்பால் வைத்தாள். கேமரா சரியாக உட்கார்ந்ததும் அவற்றைத் திரும்ப எடுத்து, மறைக்காதபடி தாழ்வாக அடுக்கி வைத்தாள்.

கிருஷ்ணம்மாள் தைப்பதை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்.

"நேரா என் தலையைப் பார்க்குதே, வாணி."

"அதனால என்ன பெரியம்மா. பழகிடும்."

படங்கள் அம்மாவின் பழைய கைப்பேசிக்கு வந்தன. அது கடையிலேயே இருக்கும். முதல் நான்கு நாளும் வாணிக்குக் கொண்டாட்டம்தான். அம்மா வாயைப் பிளந்து கொட்டாவி விடுவது ஒரு படம். கண்ணாடி முன்னால் ஒரு ஆன்டி மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளுவது ஒரு படம். அவள் அதைப் போட்டுப் போட்டுச் சிரித்தாள்.

வியாழக்கிழமை அந்தச் சிரிப்பு நின்றது.

அன்று அம்மா லைனிங் துணி வாங்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெரு வரை போயிருந்தார். கிருஷ்ணம்மாள் பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தார். தனலெட்சுமி ஆன்டி வந்தார். அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். ரவிக்கை தைக்க அரக்குச் சிவப்புப் பட்டு ஒன்றைப் போன வாரம் கொடுத்திருந்தார். கூடவே சரிகைக் கரை ஒன்றும் கொண்டுவந்திருந்தார்.

"பட்டை எடு கண்ணு. கரை ஒத்துப்போகுதான்னு வச்சுப் பார்க்கணும்."

வாணி பொட்டலங்களைப் புரட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதியிருந்தது. தனலெட்சுமி என்று எழுதியது மட்டும் இல்லை. மேசைக்கு அடியில் பார்த்தாள். இழுப்பறையில் பார்த்தாள். எங்கேயும் இல்லை.

தனலெட்சுமி ஆன்டியின் முகம் மாறியது. "அது என் அக்கா காஞ்சிபுரத்துல இருந்து கொண்டுவந்தது. இங்க கிடைக்காது."

"இருங்க ஆன்டி. எங்க கடையில கேமரா இருக்கு" என்றாள் வாணி. அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பழைய கைப்பேசியைத் திறந்து ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். முந்தின நாள் மாலைப் படம் ஒன்றில் விரல் நின்றது.

கிருஷ்ணம்மாள் மேசை அருகே நிற்கிறார். கையில் அரக்குச் சிவப்பாக ஒரு துணி. அதைச் சுருட்டித் தன் பைக்குள் வைக்கிறார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்கிறார். வேகமாக வெளியே போகிறார். அவ்வளவுதான். பத்து விநாடி முடிந்துவிட்டது.

"ஐயோ" என்றார் தனலெட்சுமி ஆன்டி மெதுவாக. "அந்த அம்மாவா? எனக்கு அனுப்பு அதை."

வாணி அனுப்பினாள். ஒரு தரம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

அப்போது கிருஷ்ணம்மாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். ரவிக்கை வாங்க இன்னும் இரண்டு பெண்கள் வாசலில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வாணி எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டாள்.

"பெரியம்மா, தனலெட்சுமி ஆன்டியோட பட்டை நீங்க பையில வச்சிருக்கீங்களா?"

ஏறி வந்த பெண்கள் இருவரும் மேசையருகே நின்றார்கள்.

கிருஷ்ணம்மாள் வாணியைப் பார்த்தார். தனலெட்சுமி ஆன்டியின் கையில் ஓடிக்கொண்டிருந்த படத்தைப் பார்த்தார். மாட்டியிருந்த தன் பையை எடுத்து வந்து மேசைமேல் கவிழ்த்தார்.

ஒரு மடக்குக் குடை விழுந்தது. மூக்குக் கண்ணாடிக் கூடு. மாத்திரை அட்டை. ரயில் அட்டை. ரப்பர் வளையம் போட்ட பாதி பிஸ்கட் பொட்டலம். கடைசியாக ஒரு சாப்பாட்டு டப்பா உருண்டு வந்தது. குழம்பு கொட்டாமல் இருக்க அதை ஒரு துணியில் சுற்றிக் கட்டியிருந்தார். அரக்குச் சிவப்பு லைனிங் துணி. சாயம் போய், ஓரம் பிய்ந்து, மஞ்சள் கறை படிந்திருந்தது.

"இதுதான் அந்தத் துணி" என்றார். "ஆறு மணி ரயிலுக்கு நேரமாச்சேன்னு அவசரமாச் சுருட்டி வச்சுட்டு, எதையாவது விட்டுட்டேனான்னு சுத்திப் பார்த்தேன்."

நான்கு பேரும் அவருடைய மாத்திரையையும் பிஸ்கட்டையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாணிக்குக் காது இரண்டும் சுட்டது.

கிருஷ்ணம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தார். செருப்பை மாட்டினார். பாதி தைத்த ரவிக்கை இயந்திரத்தில் அப்படியே தொங்க, படியிறங்கிப் போய்விட்டார்.

தனலெட்சுமி ஆன்டி தொண்டையைச் செருமினார். "சரி, இது வேற துணியாவே இருக்கட்டும். அப்போ பட்டு எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

அம்மா திரும்பி வந்ததும் வாணி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வாணிக்குத் தோன்றியது.

"பையைக் கொட்டிக் காட்டச் சொன்னியா?"

"நான் சொல்லலம்மா. அவங்களாத்தான்..."

"எல்லார் முன்னாடியும் அப்படிக் கேட்டா, வேற என்ன செய்வாங்க?"

அம்மா மூன்று முறை கிருஷ்ணம்மாளுக்கு ஃபோன் செய்தார். அவர் எடுக்கவில்லை. அன்று ராத்திரி வாணிக்குப் பிடித்த தோசைதான். ஆனால் பாதித் தோசையைக் கையால் பிய்த்துப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பள்ளியில் இடைவேளையின்போது அவள் தோழி அஃப்ரின் ஓடி வந்தாள்.

"வாணி, உங்க கடைத் திருடி வீடியோ பார்த்தேன் லா. எங்கம்மா ஃபோன்ல இருக்கு."

"உங்கம்மாவுக்கு எப்படி வந்துச்சு?"

"தையல் வகுப்புக் குரூப்புல தனலெட்சுமி ஆன்டி போட்டிருக்காங்க. அந்தக் கிழவியப் பிடிச்சுட்டீங்களா?"

"அவங்க கிழவி இல்ல. திருடியும் இல்ல" என்றாள் வாணி.

"அப்போ வீடியோ?"

வாணி கழிவறைக்குப் போவதாகச் சொல்லி நழுவினாள். கதவைச் சாத்திக்கொண்டு மணி அடிக்கும்வரை உள்ளேயே நின்றாள்.

பள்ளி விட்டுக் கடைக்கு வந்தபோது அம்மா தனியாகத் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது இயந்திரத்தில் அந்த ரவிக்கை இன்னும் தொங்கியது. கிருஷ்ணம்மாள் வரவில்லை.

வாணி கண்ணாடிப் பக்கம் போகவே இல்லை. அதில் தன் முகம் தெரியும். அதற்கு மேலே முயல்காது தெரியும். இரண்டையும் பார்க்கப் பிடிக்கவில்லை. மேசைக்கு அடியில் பழைய கைப்பேசியோடு உட்கார்ந்தாள். பட்டு எப்படிக் காணாமல் போயிருக்கும்? எல்லாப் படத்தையும் முதலிலிருந்து பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

நேற்று அவள் கடைசிப் படங்களிலிருந்து தேடினாள். இப்போது சனிக்கிழமையிலிருந்து ஆரம்பித்தாள்.

நாலாவது படத்திலேயே கிடைத்துவிட்டது.

அந்தப் படத்தில் ஒரு சின்னக் கை வருகிறது. மேசையில் இருந்த பொட்டலக் குவியலை அப்படியே அணைத்துத் தூக்குகிறது. மேலாக இருந்த பொட்டலத்தின் வழியாக அரக்குச் சிவப்புத் தெரிகிறது. கையை அடுத்து ஒரு முகம். முன்பற்களுக்கு நடுவே நாக்கைத் துருத்திக்கொண்டு திரை போட்ட மூலையை நோக்கிப் போகிறது.

அது வாணியின் முகம்.

அவள் மெல்ல எழுந்து திரையை விலக்கினாள். அங்கே ஓர் அலமாரி இருந்தது. பொட்டலங்களை அதன்மேல்தான் வைத்திருந்தாள். எல்லாவற்றையும் திரும்ப எடுத்ததாகத்தான் நினைத்தாள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இருட்டில், அடியில், பிளாஸ்டிக் மின்னியது. அளவு எடுக்கும் மரக்கோலை உள்ளே விட்டு இழுத்தாள்.

தனலெட்சுமி என்று எழுதிய காகிதம் குத்தியபடி, பொட்டலம் வந்தது. உள்ளே பட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது.

அம்மா இயந்திரத்தின் சத்தத்தில் ஒன்றையும் கவனிக்கவில்லை.

வாணி பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு திரைக்குள்ளேயே உட்கார்ந்தாள். "அம்மா, பட்டு கிடைச்சிருச்சு. அலமாரிக்குப் பின்னால விழுந்திருக்கு" என்று மட்டும் சொன்னால் போதும். எப்படி விழுந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? இந்தப் படம் சனிக்கிழமைப் படம். நாளையோடு ஏழு நாள். தானாக அழிந்துவிடும். அவள் அழிக்கக்கூட வேண்டாம். சும்மா இருந்தாலே போதும்.

அவள் சும்மா இருந்து பார்த்தாள். மேசைமேல் உருண்டு வந்த அந்தச் சாப்பாட்டு டப்பா நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. டப்பாவில் கட்டியிருந்த முடிச்சு. மாத்திரை அட்டையில் காலியான குழிகள். பெரியம்மாவுக்கு என்ன மாத்திரை என்று இத்தனை நாளும் அவளுக்குத் தெரியாது. நேற்று மற்ற மூன்று பேரோடு சேர்ந்து அவளும் பார்த்துவிட்டாள்.

வாணி திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அம்மா, மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க."

அம்மா படத்தைப் பார்த்தார். பட்டைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"என் மேலயும் தப்பு இருக்கு" என்றார். "கேமராவை நான் நின்னு பார்த்து வாங்கியிருக்கணும். தனலெட்சுமி ஆன்டிகிட்ட நான் பேசட்டுமா?"

"வேணாம்மா. அனுப்பினது நான்தானே. நானே பேசுறேன்."

வாணி ஃபோன் செய்தபோது தனலெட்சுமி ஆன்டிக்குப் பட்டு கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். "நல்லவேளை கண்ணு. துணி கிடைச்சாச்சுல்ல. மத்ததை விடு."

"ஆன்டி, அந்த வீடியோவை நீங்க தையல் வகுப்புக் குரூப்புல போட்டிருக்கீங்க."

"அது... எல்லாரும் கவனமா இருக்கட்டுமேன்னு போட்டேன். இதுக்குள்ள எல்லாரும் மறந்திருப்பாங்க வாணி."

"எங்க ஸ்கூல்ல மறக்கல ஆன்டி."

"ஸ்கூல் வரைக்குமா போச்சு?"

"நான் இன்னொரு வீடியோ அனுப்புறேன். கூடவே நான் பேசியும் அனுப்புறேன். அதை எந்தக் குரூப்புல போட்டீங்களோ அதே குரூப்புல இதையும் போடுங்க."

"ஏன் கண்ணு உன் பேரைக் கெடுத்துக்கிற? நான் வீடியோவ அழிச்சுடறேன், போதாதா?"

"பார்த்தவங்களுக்கு அது போதாதே ஆன்டி."

வாணி குரல் பதிவு செய்ய ஆரம்பித்தாள். முதல் தடவை நடுவில் தெருவில் ஒரு லோரி ஹாரன் அடித்துவிட்டது. இரண்டாம் தடவை அழுகை வந்துவிட்டது. மூன்றாம் தடவை சரியாக வந்தது.

"என் பேரு வாணி. ரமணி தையல் கடை ரமணியோட பொண்ணு. நேத்து நீங்க பார்த்த வீடியோல இருக்கிறது கிருஷ்ணம்மாள் பெரியம்மா. அவங்க பையில வச்சது சாப்பாட்டு டப்பா சுத்துற அவங்க சொந்தத் துணி. பட்டை எடுத்து வேற இடத்துல வச்சது நான்தான். அந்த வீடியோவும் இதோட இருக்கு. பாருங்க. பழைய வீடியோவ யாருக்கு அனுப்பியிருந்தாலும் அவங்களுக்கு இதையும் அனுப்புங்க. நான் செஞ்சது தப்பு."

கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அம்மாவின் கைப்பேசிக்கு அஃப்ரினின் அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. 'போட்டுட்டாங்க. பார்த்தேன். அஃப்ரினும் பார்த்தா.' அதைப் படித்ததும் வாணிக்கு மறுபடி காது சுட்டது. திங்கட்கிழமை பள்ளிக்கு எப்படிப் போவது என்று இருந்தது.

ஆனால் அதற்கு முன்னால் ரவாங் போக வேண்டும்.

மறுநாள் காலை அம்மாவும் மகளும் கொமுட்டர் ரயிலில் ஏறினார்கள். கிருஷ்ணம்மாளின் வீடு மூன்றாவது மாடியில். அவர் கணவர் அய்யாவு கதவைத் திறந்தார். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க வாங்க. கடைக்கு ரெண்டு நாள் லீவுன்னு சொன்னா. முதலாளியம்மாவே வீட்டுக்கு வந்துட்டீங்களே. உக்காருங்க, மைலோ கலக்கறேன்."

வாணி தலையைக் குனிந்துகொண்டாள். பெரியம்மா வீட்டில் சொல்லவே இல்லை. சொல்ல முடியாமல் இரண்டு நாளாக லீவு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உள்ளறையிலிருந்து கிருஷ்ணம்மாள் வந்தார். வாணியைக் கண்டதும் நின்றுவிட்டார். அய்யாவு சமையலறைக்குள் கரண்டியால் எதையோ கலக்கிக்கொண்டிருந்தார்.

வாணி அவர் அருகில் போய் மெதுவாகக் கேட்டாள். "பெரியம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இங்க சொல்லட்டுமா, வெளியில சொல்லட்டுமா?"

கிருஷ்ணம்மாள் அவளையே பார்த்தார். பிறகு வெளியே நடைபாதைக்குப் போனார். வாணி பின்னாலேயே போனாள். கம்பிக் கொடியில் யார் வீட்டுத் துண்டுகளோ காய்ந்துகொண்டிருந்தன.

வாணி எதையும் விடாமல் சொன்னாள். பட்டு எங்கே இருந்தது, யார் வைத்தது, வீடியோ எந்தக் குரூப்புக்குப் போனது, அதற்கு அவள் என்ன அனுப்பினாள் என்று எல்லாம் சொன்னாள். கடைசியில், "என்னை மன்னிச்சிருங்க பெரியம்மா. எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். உங்ககிட்ட மட்டும் முதல்ல கேட்டிருக்கணும்" என்றாள்.

ஒரு துண்டு தரையில் விழுந்து கிடந்தது. கிருஷ்ணம்மாள் அதை எடுத்து உதறி மறுபடி கொடியில் போட்டார்.

"எனக்கு ரொம்ப அவமானமாப் போச்சு, வாணி" என்றார். "ரயில்ல உக்காந்திருக்கேன். எதிர்ல ஒரு பொம்பள ஃபோனப் பார்த்துச் சிரிக்குது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்குதோன்னு தோணுது. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி வேற பெட்டியில ஏறினேன்."

வாணியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"உள்ள வா" என்றார் கிருஷ்ணம்மாள். "அவர்கிட்டயும் நீயே சொல்லு. நான் சொன்னா பாதியில அழுதுடுவேன்."

அய்யாவுவிடம் மறுபடி முதலிலிருந்து சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. மைலோ ஆறிப்போனது. அவர் மனைவியை ஒரு முறை பார்த்தார். பிறகு வாணியின் பக்கம் திரும்பினார்.

"அந்த ரெண்டாவது வீடியோவக் காட்டு."

காட்டினாள். பொட்டலக் குவியலோடு நாக்கைத் துருத்திக்கொண்டு வாணி ஓடினாள்.

"பலே ஆளா இருக்கே. நாக்கைப் பாரு" என்றார் அய்யாவு. அவர் குரல் இன்னும் தளர்ந்துதான் இருந்தது. ஆனாலும் மைலோவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "குடி. ஆறிப்போச்சு."

"அக்கா, திங்கட்கிழமை வந்துடுங்க" என்றார் அம்மா.

"வரேன். ஆனா அந்த முயல் இருக்கிற இடத்துல நான் உக்காந்து தைக்க மாட்டேன்."

"எறக்கிடலாம். கேமராவே வேணாம்."

"அதுவும் வேணாம்னு நான் சொல்லல. கைப்பை போனது நிஜம்தானே. பார்த்து வாங்கணும். அவ்வளவுதான்."

"நீங்களே வந்து பாருங்க பெரியம்மா" என்றாள் வாணி. "நீங்களும்தானே அங்க உக்காந்து தைக்கிறீங்க."

ஞாயிற்றுக்கிழமை கழிந்து திங்கள் வந்தது. பள்ளியில் இரண்டு பேர் அவளைப் பார்த்து நாக்கைத் துருத்தினார்கள். அஃப்ரின் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் கறிபஃபில் பாதியை நீட்டினாள். "நான் கிழவின்னு சொன்னதை அவங்ககிட்ட சொல்லிடாதே" என்றாள்.

மாலையில் கிருஷ்ணம்மாள், அம்மா, வாணி மூவரும் விஜயன் கடையில் நின்றார்கள். முயல்காது கேமராவை வாணி மேசைமேல் வைத்தாள். இந்தத் தடவை அம்மா கைப்பேசியை அணைத்துவிட்டிருந்தார்.

"எதைப் பார்க்கணும்?" என்றார் விஜயன் பழையபடி.

வாணி கிருஷ்ணம்மாளைப் பார்த்தாள்.

"வாசலை" என்றார் கிருஷ்ணம்மாள். "வாசலை மட்டும். பொம்பளைங்க துணி மாத்துற மூலை தெரியவே கூடாது. போன தடவை திரையோட ஓரம் தெரிஞ்சுது. யாரும் சொல்லல."

அம்மா திடுக்கிட்டார். வாணிக்கு அந்த வயிற்றை இழுத்த ஆன்டி நினைவுக்கு வந்தார். கையோடு கொண்டுவந்திருந்த பழைய கைப்பேசியில் இருந்த மிச்சப் படங்களை அங்கேயே நின்று ஒன்று விடாமல் அழித்தாள்.

"படம் யார் ஃபோனுக்கு வரும்?" என்று கேட்டார் கிருஷ்ணம்மாள்.

"யாருக்கு வேணும்னு சொல்றீங்களோ அவங்களுக்கு மட்டும்."

"ரமணிக்கு மட்டும் வரட்டும். பேச்சுச் சத்தம் பதிவாகுமா?"

"நிறுத்திடலாம்."

"நிறுத்திடுங்க. நாங்க மாமியாரைப் பத்தியெல்லாம் பேசுவோம்."

விஜயன் சிரித்துக்கொண்டே கறுப்புக் கிண்ணத்தை எடுத்து வைத்தார். "நடுவுல விடாமப் பதிவு பண்ணும். ஒண்ணு நடந்தா, அதுக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்னன்னு முழுசாப் பார்க்கலாம்."

"இதுதான் அங்கிள்" என்றாள் வாணி. அது அழகாக இல்லை. இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. வாசலில் ஒட்டுவதற்கு, 'இங்கே கேமரா இருக்கிறது' என்று எழுதிய ஓர் அட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். தெரியாமல் யாரும் உள்ளே வந்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

விஜயனே ஏணி கொண்டுவந்து, கடைக்கு உள்ளே வாசலுக்கு மேலே, தெருவைப் பார்த்த மாதிரி கேமராவைப் பொருத்தினார். அம்மா கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு சரிபார்த்தார். படத்தில் வாசல்படி தெரிந்தது. நடைபாதை தெரிந்தது. பூக்கடைக்காரர் வாளியில் தண்ணீர் தெளிப்பது தெரிந்தது.

கிருஷ்ணம்மாள் தன் இயந்திரத்தில் போய் உட்கார்ந்தார். பாதியில் நின்ற ரவிக்கை அவருக்காகக் காத்திருந்தது. ஆனால் அவர் உடனே தைக்கவில்லை. ஒரு கையைத் தூக்கி ஆட்டினார்.

"ரமணி, நான் தெரியறேனா?"

"இல்லக்கா."

அவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். "இப்போ?"

"இல்ல."

கிருஷ்ணம்மாள் வாணியைப் பார்த்தார். பிறகு கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை உருட்டி, தோளைக் குலுக்கி, உட்கார்ந்த இடத்திலேயே ஓர் ஆட்டம் போட்டார். நாற்காலி கிறீச்சிட்டது.

"இப்போ?"

"ஒண்ணுமே தெரியலக்கா" என்றார் அம்மா, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான்கு நாளாகச் சிரிக்காத வாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்தக் கேமராவிலும் விழவில்லை.